ஒரு தொட்டித் தண்ணீருக்கு நன்றி

வெஸ்ட்பெத், நியூயார்க்
நவம்பர் 2012

அன்புள்ள எல்லோருக்கும்,

சாண்டி புயல் செய்ததை நீங்களே பார்த்தீர்கள். மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. எங்கள் வெஸ்ட்பெத் கலைஞர் குடியிருப்பின் அடித்தளத்தில் எத்தனை பேருடைய உழைப்பு ஹட்சன் ஆற்றுத் தண்ணீரில் ஊறிப்போனது என்று எண்ணவும் மனம் வரவில்லை. மரச்செதுக்கிலிருந்து தாளில் எடுத்த அச்சுகளில் எனக்கு 42 மிஞ்சின. மிஞ்சியதற்குக் காரணம் பக்கத்து வீட்டு அம்மா.

அவர் நடனக்காரர். 1970இல் இந்தக் கட்டடம் கலைஞர்களுக்குத் திறந்தபோதே குடிவந்தவர். லிஃப்டில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான் பழக்கம். எங்கள் இரு வீட்டுக்கும் பொதுவாக முற்றத்துப் பக்கம் ஓர் அரைவட்ட பால்கனி உண்டு. தீப்பிடித்தால் ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குத் தப்பிப் போகட்டும் என்று கட்டடக்கலைஞர் ரிச்சர்ட் மேயர் வைத்தது. நான் அதில் பூந்தொட்டிகளை அடுக்கி வழியை அடைத்திருந்தேன் (தப்புதான்). மூன்றாம் நாள் இருட்டில், அந்த அம்மா டார்ச்சோடு அந்தத் தொட்டிகளைத் தாண்டி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"நனைந்த தாளையெல்லாம் எடுத்துக்கொண்டு வா. என்னிடம் தண்ணீர் இருக்கிறது."

புயலுக்கு முன் குளியல் தொட்டியில் பிடித்து வைத்த தண்ணீர் அது. கரண்ட் இல்லை, பம்ப் ஓடவில்லை. கை கழுவவும் கழிவறைக்கும் அவருக்கு இருந்ததே அவ்வளவுதான். அதில் ஒவ்வோர் அச்சாக அமிழ்த்தி, உப்பும் எண்ணெய்ச் சேறும் போக அலசினோம். தேய்க்கக் கூடாது என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஓரத்தை மட்டும் இரு விரலால் பிடித்தார்.

பெல் தொலைபேசி ஆய்வுக்கூடமாக இருந்த இந்தக் கட்டடத்தை 384 வீடுகளாக மாற்றியபோது, குடிவருகிறவர் தன் வசதிக்குத் தடுத்துக்கொள்ளட்டும் என்று உள்ளே சுவரே வைக்காமல் விட்டார்கள். குளிர்காலத்தில் அதற்காகத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவர் கட்டிலை ஓரம் தள்ளி, தரை முழுக்கப் படுக்கை விரிப்புகளை விரித்தார். 42 அச்சுகளும் அங்கே படுத்தன. அவர் நான்கு இரவு நாற்காலியில் தூங்கினார்.

மாடிப்படியில் சூப் சுமந்து வந்த பிள்ளைகள், இலவசமாக வகுப்பெடுத்த நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கலைப்பொருள் பாதுகாப்பு வல்லுநர்கள், ஃப்ரீசரில் பரோட்டா பாக்கெட்டுகளை ஒதுக்கி எங்கள் ஈரத் தாள்கட்டுகளுக்குப் பூஞ்சை பிடிக்காமல் இடம் கொடுத்த குவீன்ஸ் கடைக்காரர், எல்லோருக்கும் நன்றி. இனி அடித்தளத்தில் ஒரு தாள்கூட வைக்க மாட்டேன். பூந்தொட்டிகளையும் எடுத்துவிட்டேன்.

அம்மா, இதை உங்களுக்குத் தமிழில் ஒருமுறை படித்துவிட்டுத்தான் அர்த்தம் சொல்வேன். தொட்டியில் படிந்த கறுப்பு வளையத்தை விட்டுவிடு என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை சோடா உப்போடு வருகிறேன், பால்கனி வழியாக.