ஒரு பெயரை அழித்துவிட்டு இன்னொரு பெயரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்காவின் மெரியன் கோல்ஃப் மைதானம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதை வடிவமைத்தவர் ஹியூ வில்சன் என்று இத்தனை காலம் சொல்லிவந்தது கட்டுக்கதை, எல்லாப் பெருமையும் இன்னொரு மைதான வடிவமைப்பாளரான சார்லஸ் பிளேர் மெக்டொனால்டுக்கே என்று முடித்திருந்தீர்கள். நான் கோல்ஃப் மட்டையைத் தொட்டவன் இல்லை. ஆனால் சேலம் மாவட்டத்தில் நிலம் அளந்தே வேலைக்காலத்தைக் கழித்தவன். இந்தத் தீர்ப்பு எனக்கு ஒப்பவில்லை.

கட்டுரை சொன்னதில் பாதி சரிதான். வில்சன் 1910இல் கடல் கடந்து போய், ஏழு மாதம் பிரிட்டன் மைதானங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துதான் மெரியனை வரைந்தார் என்பது பழைய கதை. கப்பல் பயணிகள் பட்டியலைத் தேடிப் பார்த்தவர்கள் அவர் போனது 1912இல் என்று கண்டார்கள். 1911 செப்டம்பரிலேயே புல் விதைத்தாகிவிட்டது. ஆக, அந்தக் கதை நிற்காது. மெக்டொனால்டின் பங்கும் சிறியதல்ல. அவரும் மருமகன் விக்கமும் 1910இல் இடத்தை வந்து பார்த்து யோசனை சொன்னார்கள். அடுத்த ஆண்டு, மைதானம் அமைக்க வில்சன் தலைமையில் இருந்த குழு லாங் ஐலண்டில் மெக்டொனால்டிடம் போய்ப் பாடம் கேட்டது. அப்புறம் அவரே மறுபடி வந்து, குழு போட்டுவைத்திருந்த பிளான்களைப் பார்த்து ஒன்றுக்குச் சம்மதம் சொன்னார்.

சரி, பயணக் கதை பொய்த்ததால் வில்சன் செய்த வேலையும் பொய்த்துவிடுமா? 1939இல் மெக்டொனால்டு இறந்தபோது, மெரியனை அவர் கணக்கில் சேர்த்து எழுதியவர் அதே மருமகன். அதற்கு முன்பே, 1926இல், குழுவில் எல்லோரும் உதவினாலும் முக்கியப் பொறுப்பு ஹியூவினுடையது என்று எழுதிவைத்தவர் வில்சனின் உடன்பிறந்தவர் ஆலன். இருவருமே சொந்தக்காரர்கள். ஒருவர் சாட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொருவர் சாட்சியைத் தள்ளுவது என்ன நியாயம்?

கட்டுரையில் ரிச்சர்ட் ஃபிரான்சிஸ் பெயரே இல்லாததுதான் எனக்குப் பெரிய வருத்தம். வரைபடம் படிக்கவும் போடவும் தெரியும், அளவைக் கருவி பிடிக்கத் தெரியும் என்பதற்காகக் குழுவில் சேர்க்கப்பட்டவர் அவர். ‘எல்’ எழுத்து வடிவ நிலத்தில் முதல் 13 குழிகள் (குழி என்றால் பந்தை அடித்துச் செல்லும் நீண்ட ஆட்டப்பாதையும் சேர்த்துத்தான்) சுலபமாக அமைந்துவிட்டன. கடைசி ஐந்துக்கு இடம் போதவில்லை. வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு யோசனை வந்ததும், நள்ளிரவு என்றும் பாராமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு குழு உறுப்பினர் லாய்டின் வீட்டுக்குப் போய் எழுப்பியிருக்கிறார். உதவாமல் கிடந்த மேற்குப் பக்க நிலத்தைக் கொடுத்து, சுமார் 130 கஜ அகலமும் 190 கஜ நீளமும் உள்ள துண்டை வாங்கலாம் என்றார். லாய்டு ஒப்புக்கொண்டார். ஓரிரு நாளில் கல்குவாரிக்காரர் துளைபோடும் கருவியோடு வந்து மேட்டின் உச்சியை வெடிவைத்துத் தகர்த்தார். 16ஆம் குழியின் புல்தரை இன்று இருப்பது அங்கேதான். ஃபிரான்சிஸ் சொன்ன இந்த விவரத்தில் அந்தக் குவாரிக்காரரின் பெயர் இல்லை. மேட்டிலும் பாறையிலும் நில அளவைச் சங்கிலி இழுத்தவர்களுக்குத் தெரியும், கோடு காகிதத்தில் ஒரு மாதிரி விழும், தரையில் வேறு மாதிரி விழும். தரையில் விழவைத்தவனுக்கும் அதில் பங்கு உண்டு.

எங்கள் அலுவலகத்தில் அளந்தவர் ஒருவர், வரைந்தவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர் என்று வரைபடத்தின் அடியில் தனித்தனியாகக் கையெழுத்து இருக்கும். பிழை வந்தால் யாரைக் கேட்பது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. யார் என்ன செய்தார் என்பதற்கும் அதுவே சாட்சி. மெரியனுக்கும் அப்படியே எழுதலாம்: யோசனை சொன்னவர் மெக்டொனால்டு, பொறுப்பேற்று நடத்தியவர் வில்சன், நிலச் சிக்கலை அவிழ்த்தவர் ஃபிரான்சிஸ். 1925இல் 45 வயதில் இறக்கும்வரை வில்சன் அந்த மைதானத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார் என்பதையும் சேர்க்க வேண்டும்.

இதைச் சேலத்திலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. மேட்டூர் அணை திறப்புச் செய்தி ஒவ்வோர் ஆண்டும் உங்கள் பத்திரிகையில் வருகிறது. ‘ஸ்டான்லி நீர்த்தேக்கம்’ என்று தவறாமல் போடுகிறீர்கள். ஸ்டான்லி 1934இல் அணை திறக்கப்பட்டபோது சென்னை மாகாண ஆளுநர். அணைக்குத் திட்டம் வகுத்த பொறியாளர் கர்னல் டபிள்யூ. எம். எல்லிஸ். வெள்ளக் காலத்தில் உபரிநீர் வெளியேறும் 16 கண் மதகைப் படம் எடுத்துப் போடுகிறீர்களே, அந்தப் பகுதிக்குத்தான் எல்லிஸ் பெயர். பாலத்தில் நின்று தண்ணீர் பார்க்கும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

மெரியன் கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள்; ஃபிரான்சிஸ் பெயர் அதில் கட்டாயம் இருக்கட்டும். அடுத்த முறை மேட்டூர் செய்தி போடும்போது எல்லிஸ் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்.