கர்லிங்: எடுக்காமல் விட்ட ஒரு புள்ளி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்கால விளையாட்டுகள் பற்றிய தங்கள் சிறப்புப் பக்கங்களில் பனிச்சறுக்குக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் தாராளமாக இடம் ஒதுக்கிவிட்டு, பனித்தளத்தில் கல்லை வழுக்கிவிட்டு வட்டங்களின் நடுவை நெருங்கச் செய்யும் கர்லிங்கை மட்டும் "பனித்தரையைக் கூட்டிப் பதக்கம் வாங்கும் விளையாட்டு" என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். வாசித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. கனடாவுக்கு வந்த முதற் பதினைந்து ஆண்டுகளும் நானும் இதையேதான், இன்னும் கொஞ்சம் கடுமையாக, சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தொலைக்காட்சியைப் போட்டால் இரண்டு பேர் தும்புத்தடியோடு ஒரு கல்லின் முன்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள், மூன்றாமவர் தூரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துவார், நான் அலைவரிசையை மாற்றிவிடுவேன்.

என்னை மாற்றியவர், தொழிற்சாலையில் என்னோடு இரவு வேலை பார்த்த, சஸ்காச்சுவான் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து வளர்ந்த ஒரு முதியவர். அந்த ஊர்களில் குளிர்காலம் வந்தால் தேவாலயத்துக்கு அடுத்தபடி ஆட்கள் கூடும் இடம் கர்லிங் கூடம்தான் என்பார். இடைவேளை அறையில் நான் இந்த ஆட்டத்தைக் கேலி செய்தபோது அவர் கோபப்படவில்லை. "கல்லைப் பார்க்காதே. எதிர்முனையில் நிற்பவன் தன் தும்புத்தடியை எங்கே வைக்கிறான் என்று பார்" என்று மட்டும் சொன்னார். அன்று அவர் சொன்னது எனக்கு முழுதாக விளங்கவில்லை என்றாலும், அடுத்த ஞாயிறு அலைவரிசையை மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

எதிர்முனையில் நிற்பவர் அணித்தலைவர். அவரை ஸ்கிப் என்பார்கள். ஏறக்குறைய 45 மீட்டர் நீளமும் 5 மீட்டருக்கு உட்பட்ட அகலமும் கொண்ட பனித்தளத்தின் அந்தக் கோடியில், 'வீடு' என்று அவர்கள் அழைக்கும் வட்டங்களுக்குள் நின்றுகொண்டு, கல் போய் நிற்க வேண்டிய இடத்தை அல்ல, கல்லை விடுபவர் குறிபார்க்க வேண்டிய இடத்தையே அவர் தும்புத்தடியால் காட்டுகிறார். இரண்டும் ஒன்றல்ல என்பதில்தான் ஆட்டத்தின் நுட்பம் தொடங்குகிறது. விடும்போது கைப்பிடியைச் சற்றே திருப்பிவிடுவதால் கல் மெல்லச் சுழன்றபடி போய், வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளைகிறது. அந்த வளைவின் பெயரே ஆட்டத்தின் பெயரும் ஆயிற்று என்பார்கள். மேசையில் ஒரு தம்ளரைக் கவிழ்த்துச் சுழற்றித் தள்ளினால் அது ஒரு பக்கம் வளையும். அதே திசையில் சுழலும் கர்லிங் கல் நேர் எதிர்ப்பக்கம் வளையும். இது ஏன் என்று இயற்பியலாளர்கள் இன்னமும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கூட்டுவது பற்றியும் ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். அங்கே கூட்டுவதன் முதன்மை நோக்கம் குப்பையையோ பனித்தூளையோ அகற்றுவது அல்ல. ஆட்டத்துக்கு முன் தளத்தின் மீது நீர்த்துளிகளைத் தெளித்து உறைய வைக்கிறார்கள். அதனால் தளம் கண்ணாடி போல் வழவழப்பாக இல்லாமல், சிறு கொப்புளங்கள் நிறைந்ததாகிறது. கல்லின் அடிப்பாகம் குழிவானது என்பதால், ஒரு மெல்லிய வளையம் மட்டுமே அந்தக் கொப்புளங்களின் தலையைத் தொட்டுச் செல்கிறது. தும்புத்தடியால் அழுத்தித் தேய்க்கும்போது பனியின் மேற்பரப்பு சற்றே சூடாகி உராய்வு குறைகிறது. கல் இன்னும் சில மீட்டர் கூடுதலாகப் போகிறது, வளைவும் குறைகிறது. ஏறக்குறைய 20 கிலோ எடை வரை வரக்கூடிய ஒரு கல்லை, அது கையை விட்டுப் போன பிறகும், தொடாமலே வழிநடத்துகிறார்கள். கையை விட்ட பந்தின் மீது எவருக்கும் அதிகாரமில்லாத கிரிக்கெட்டில் ஊறி வளர்ந்த எனக்கு இது புதுமையாக இருந்தது. கல் ஓடும் அந்த இருபது, இருபத்தைந்து விநாடிகளும் அவர்கள் உரக்கப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். சட்டையில் ஒலிவாங்கி மாட்டியிருப்பதால் வீட்டில் இருக்கும் நாமும் அதைக் கேட்கலாம். வேறெந்த ஆட்டத்திலும் அணித்தலைவரின் மனக்கணக்கு இப்படிப் பார்வையாளரின் காதில் விழுவதில்லை.

இனி நான் எழுத வந்த விடயத்துக்கு வருகிறேன். நால்வர் ஆட்டத்தில், அணிக்கு எட்டுக் கல் வீதம் பதினாறு கற்களும் மாறி மாறி விடப்பட்ட பிறகு ஒரு சுற்று முடிகிறது. பத்துச் சுற்றுகள் சேர்ந்தது ஒரு முழு ஆட்டம். ஒரு சுற்றில் ஓர் அணிக்கு மட்டுமே புள்ளி உண்டு: வட்டங்களின் நடுப்புள்ளிக்கு மிக அருகில் எந்த அணியின் கல் இருக்கிறதோ, அந்த அணியின் கற்களில் எத்தனை எதிரணியின் சிறந்த கல்லைவிட நெருங்கியிருக்கின்றனவோ அத்தனை புள்ளிகள். பதினாறாவது கல்லை விடும் உரிமையை ஹேமர் என்கிறார்கள். கடைசிச் சொல் தன்னுடையதாக இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால் புள்ளி எடுத்த அணி அடுத்த சுற்றில் ஹேமரை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். வட்டங்களுக்குள் எவருடைய கல்லும் எஞ்சாமல், இருவரும் புள்ளி எடுக்காமல் சுற்று வெறுமையாக முடிந்தால் ஹேமர் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்த ஒரு விதியிலிருந்துதான் நான் முதன்முதலில் கண்டு திகைத்த காட்சி பிறக்கிறது. கடைசிக் கல்லை மெதுவாக விட்டு ஒரு புள்ளி எடுக்கும் வாய்ப்புத் தெளிவாக இருந்தும், ஓர் அணித்தலைவர் அந்தக் கல்லை வேண்டுமென்றே வட்டங்களுக்கு வெளியே ஓடவிட்டார். நான் அதைத் தவறு என்று நினைத்தேன். அரங்கத்தினரோ கை தட்டினார்கள். ஒரு புள்ளியை வாங்கிக்கொண்டு ஹேமரைக் கொடுப்பது அவருக்கு நட்டக் கணக்கு. காத்திருந்து இரண்டு எடுப்பதே இலாபம். எதிரணியின் நோக்கமோ இவரை ஒற்றைப் புள்ளி எடுக்கும் கட்டாயத்துக்குத் தள்ளுவது. பத்தாம் சுற்றில் ஹேமர் யாரிடம் இருக்க வேண்டும் என்று எண்ணி, ஏழாம் எட்டாம் சுற்றுகளிலேயே காய் நகர்த்துகிறார்கள். இத்தனை கணக்குக்கும் ஓர் அணிக்கு மொத்தம் 38 நிமிடச் சிந்தனை நேரந்தான். சதுரங்கக் கடிகாரம் போல் அது ஓடிக்கொண்டிருக்கும்.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் ஆண்கள் இறுதியாட்டத்தில் இந்தக் கணக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. புரூஸ் மோவட்டின் பிரித்தானிய அணி பத்தாம் சுற்றில் ஹேமரை வைத்திருந்தும் ஒரே புள்ளியோடு நின்றது. ஆட்டம் 4-4 எனச் சமனானது, ஹேமர் எதிரணியான சுவீடனுக்குப் போனது, சமனை முறிக்கக் கூடுதலாக ஆடிய பதினோராம் சுற்றில் சுவீடன் தலைவர் நிக்லாஸ் எடின் 5-4 என்று முடித்துவைத்தார். சமன் செய்த அந்தப் புள்ளி எவ்வளவு செலவு வைத்தது என்பது ஹேமரை அறியாதவருக்குத் தெரிந்திருக்காது.

எனக்கு அதைவிடப் பிரியமானது 2018 பியோங்சாங். கனடா நால்வர் அணிப் போட்டிகள் இரண்டிலும் பதக்கமின்றித் திரும்பிய ஆண்டு அது. எங்கள் தொழிற்சாலையில் பலர் இறுதியாட்டத்தைப் பார்க்கவே மறுத்தார்கள். இங்கே நள்ளிரவு தாண்டிய நேரத்தில் நான் பார்த்தேன். தொடக்கத்தில் ஆறு ஆட்டங்களில் நான்கைத் தோற்றிருந்த ஜான் ஷூஸ்டரின் அமெரிக்க அணி, ஏழு சுற்றுகள் முடிவில் சுவீடனோடு 5-5 என்று நின்றது. எட்டாம் சுற்றின் கடைசிக் கல்லால் ஷூஸ்டர் சுவீடனின் இரண்டு கற்களை ஒரே அடியில் வெளியேற்றியபோது, வட்டங்களுக்குள் எஞ்சியிருந்த அமெரிக்க அணியின் ஐந்து கற்களும் புள்ளிகளாயின. கரம் பலகையில் ஒரே அடியில் இரண்டு காய் விழுத்தியவர்களுக்கு அந்த ஓசையின் சுகம் தெரியும். ஆட்டம் 10-7 என முடிந்தது. கர்லிங்கில் அமெரிக்காவின் முதல் தங்கம் அது.

அதே ஒலிம்பிக்கில், பூண்டுக்குப் பெயர்போன உய்சோங்கிலிருந்து வந்து வெள்ளி வென்ற தென்கொரியப் பெண்கள் அணியையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. மூக்குக்கண்ணாடி அணிந்த தலைவி கிம் உன்ஜொங், "யொங்மி! யொங்மி!" என்று தன் தோழியின் பெயரைச் சொல்லியே கட்டளைகளை எல்லாம் இட்டார். அழைக்கும் வேகத்தையும் குரலையும் பொறுத்து, தேய், இன்னும் பலமாகத் தேய், நிறுத்து என்று பொருள் மாறியது. கொரிய மொழி ஓர் எழுத்தும் அறியாத எனக்கு மூன்றாவது ஆட்டத்திலேயே அது விளங்கத் தொடங்கிவிட்டது.

குறைகளும் உண்டு. கற்களை அடித்து அகற்றுவதே ஆட்டமாக இருந்த காலத்தில் கர்லிங் உண்மையிலேயே சலிப்பூட்டியிருக்கிறது. அதைத் தடுக்கத்தான், வட்டங்களுக்கு முன்னால் காவலாக நிறுத்தப்படும் எதிரணிக் கற்களை முதல் ஐந்து கற்கள் முடியும் வரை வெளியேற்றக் கூடாது என்ற இன்றைய விதி வந்தது. இருந்தும், பெரும் முன்னிலை பெற்ற அணி மீதிச் சுற்றுகளை அடித்தே கடத்துவதை இப்போதும் பார்க்கலாம். அப்போது நான் தேநீர் போட எழுந்துவிடுவேன்.

தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை இந்த ஆட்டத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கி, வட்டங்களின் படமொன்றைப் போட்டு, ஹேமர் என்றால் என்ன என்பதை மட்டும் விளக்கிவிடுங்கள். மற்றதை வாசகர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள். ஹேமருக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. தங்கள் வாசகர் எவரேனும் நல்ல சொல் தந்தால் மகிழ்வேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஸ்கார்பரோ, கனடா.