22 எழுத்துக்கு இத்தனை பயமா?

காபூலில் உள்ள தாலிபான் அரசின் தகவல், பண்பாட்டு அமைச்சகத்தின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸ்தடே மஷே. வழியில் எதிர்ப்படுகிறவர் முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் "களைத்துப் போகாதிருப்பீராக" என்று சொல்லிவிட்டு நகர்வது உங்கள் மக்களின் வழக்கம். நானும் அதைச் சொல்லியே தொடங்குகிறேன். எனக்குப் பஷ்தூ மொழி தெரியாது. மொழிபெயர்ப்புகளின் வழியே பஷ்தூக் கவிஞர்களைப் பல வருடங்களாக வாசித்து வருகிறவன், அவ்வளவுதான். தமிழில் எழுதும் இந்த மடல் உங்கள் மேசைக்கு வந்து சேருமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் 2025 அக்டோபரில் உங்கள் வெளியுறவு அமைச்சர் டெல்லிக்கே வந்து போனார். இரு நாட்டுக்கும் போக்குவரத்து கூடியிருக்கிற நேரம். யாராவது ஒருவர் படித்துச் சொல்லாமலா போவார்?

நீங்கள் போட்ட சட்டங்களை உங்களுக்கே விளக்க வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில் 35 பிரிவுகளோடு வந்த ஒழுக்கச் சட்டம், பெண்ணின் உடம்பைப் போலக் குரலும் மறைக்க வேண்டிய ஒன்று என்றது. நாலு பேர் இருக்கும் இடத்தில் பெண் பாடக்கூடாது, உரக்க ஓதக்கூடாது. அடுத்த வருடமே கவியரங்குகளுக்கென்று தனிச் சட்டம். ஆண் பெண் நட்பைப் புகழக்கூடாது, காதல் கூடாது, தலைவரின் ஆணைகளைக் குறை சொல்லக்கூடாது. முதல் சட்டம் பாடுகிற வாயை மூடியது. வாய் திறந்தாலும் பாடுவதற்கு ஒன்றும் இல்லாமல் இரண்டாவது பார்த்துக்கொண்டது. இரண்டையும் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். முதலாவது எங்கள் துறை இல்லை, நன்மையை ஏவும் அமைச்சகத்தைப் போய்ப் பாருங்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். அரசு அலுவலகங்களில் இந்தப் பதிலைக் கேட்டு வளர்ந்தவன் நான். பாட்டும் கவிதையும் பண்பாட்டுத் துறையில் சேராது என்றால் வேறு எதுதான் சேரும்?

எல்லாக் கவிதையையும் பற்றிப் பேச இங்கே இடமில்லை. லண்டய் என்ற பஷ்தூ வாய்மொழிப் பாட்டு வகையிலிருந்து தொடங்குகிறேன். லண்டய் என்றால் குட்டையானது. விஷமுள்ள சிறு பாம்புக்கும் அதே பெயர் என்கிறார்கள். இரண்டே அடி. எங்கள் கட்டளைக் கலித்துறையில் ஒற்றை நீக்கி எழுத்தெண்ணுவதுபோல இதிலும் எண்ண வேண்டும். முதல் அடிக்கு 9, இரண்டாம் அடிக்கு 13, ஆக மொத்தம் 22. கடைசியில் 'மா' என்றோ 'நா' என்றோ முடியும். எழுதியவர் பெயர் கிடையாது. தண்ணீர் எடுக்கும் துறையிலும் கல்யாண வீட்டிலும் ஒரு பெண் சொல்ல, இன்னொருத்தி அதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்ல, அப்படியே அடுத்த ஊருக்குப் போய்விடும். துறைக்கு உங்கள் மொழியில் கோதர் என்று பெயர். குடத்தைத் தூக்கிக்கொண்டு கோதருக்குப் போகும் நேரத்தில்தான் ஒரு பெண் ஒரு முகத்தைப் பார்க்க முடியும் என்றிருந்த ஊர்களில், கவிதையும் அந்த நேரத்துக்குள்தான் பிறந்தது. பிற்பாடு குடத்தின் இடத்துக்குக் கைப்பேசி வந்தது. ஃபேஸ்புக்கும் ட்ரோனும்கூட லண்டய்க்குள் நுழைந்துவிட்டன. 22 எழுத்து மட்டும் மாறவில்லை.

இந்தப் பாட்டுகளில் புருஷனுக்கு ஒரு செல்லப்பெயர் உண்டு, 'குட்டிக் கோரம்'. தாத்தா வயதுக் கிழவனுக்கோ, இன்னும் தூக்கி நடக்க வேண்டிய சிறுவனுக்கோ கட்டிவைக்கப்பட்டவள் வேறு என்ன பெயர் வைப்பாள்? இவற்றைத் தேடித் தேடித் தொகுத்தவர் சையத் பஹாவுதீன் மஜ்ரூஹ். காபூல் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர், சோவியத் படை வந்தபின் பாகிஸ்தானின் பெஷாவரில் அகதியாக இருந்தவர். 1988 பிப்ரவரியில் அங்கே அவர் வீட்டு வாசலுக்கு வந்து சுட்டுக் கொன்றுவிட்டுப் போனார்கள்.

சரி, இதெல்லாம் காதல் சமாச்சாரம், உங்களுக்குப் பிடிக்காது. போர்க்களத்துக்கு வருவோம். 1880 ஜூலை 27, மைவந்த். உங்கள் காந்தஹாரிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். ஆங்கிலேயப் படைக்கு எதிராக நின்ற ஆப்கானியர்கள் தளர்ந்து பின்வாங்கிய நேரத்தில், மலாலை என்ற இளம்பெண் முக்காட்டைக் கழற்றிக் கொடியாகப் பிடித்துக்கொண்டு உரக்கப் பாடினாள் என்று உங்கள் ஊர்க் குழந்தை ஒவ்வொன்றுக்கும் தெரியும். அவள் பாடியது ஒரு லண்டய்.

மைவந்தில் நீ மாளாதிருந்தால்,
அன்பே, மானக்கேட்டுக்கே உன்னை மிச்சம் வைத்தார்.

தமிழாக்கம் என் கைவேலை. 9-ம் 13-ம் சரியாக வருகிறதா என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டேன். எண்ணிக்கை வந்துவிட்டது, அழகு வரவில்லை. மூலம் 'ஸாதினா' என்று முடிகிறது. அந்த இழுப்பைத் தமிழில் எங்கே கொண்டுபோய் வைப்பது?

நான் கேட்க வந்தது இதுதான். அந்தப் பாட்டைப் பாடிய இடம் அந்நிய ஆண்கள் ஆயிரக்கணக்கில் நின்ற வெட்டவெளி. பாடியவள் பெண். குரல் உரத்த குரல். அதிலும் 'அன்பே' என்று ஒரு சொல். உங்கள் இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மலாலை மீது எத்தனை பிரிவுகளில் வழக்குப் போடலாம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அவள் பெயரில் காபூலில் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. பெயர் இருக்கலாம், குரல் கூடாதா?

ஆண் கவிஞர்களாவது தப்புவார்களா என்று பார்த்தேன். அவர்களும் தப்பவில்லை. குஷால் கான் கட்டாக் 1613-ல் பிறந்தவர், கட்டாக் குலத்தின் தலைவர், ஒரு கையில் வாள், மறு கையில் பேனா. 1664-ல் மொகலாயர் பிடித்துக்கொண்டு போய் ரந்தம்பூர்க் கோட்டையில் அடைத்தார்கள். திரும்பி வந்து ஔரங்கசீப்பை எதிர்த்துக் குலங்களைத் திரட்டினார், பேரரசரை வாய்க்கு வந்தபடி பாட்டில் வைது தீர்த்தார். அஃப்ரீதிக் குலப் பெண்களின் அழகைப் பற்றியும் கூச்சமில்லாமல் பாடியிருக்கிறார். ஆட்சியாளரைக் குறை சொன்னது ஒரு குற்றம், பெண்ணழகைப் பாடியது இன்னொரு குற்றம். ஆக, உங்கள் கவியரங்கில் குஷாலுக்கு மேடை இல்லை.

மொமந்த் குலத்து ரஹ்மான் பாபா சாது. அவரது திவானை, அதாவது கவிதைத் தொகுப்பை, வீட்டில் குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்கூட ஒரு கோபத்தில், கொடிய ஆட்சியாளர்களால் நெருப்பும் கல்லறையும் பெஷாவரும் ஒன்றாகிப் போயின என்று சொல்லிவிட்டார். ஓர், கோர், பெஷாவர் என்று மூன்றையும் ஒரே மூச்சில் அடுக்குகிற வரி அது. பெஷாவர் என்ற இடத்தில் வேறு ஊர்ப்பெயரைப் போட்டு யாராவது இன்று பாடினால் என்ன செய்வீர்கள்? அந்தச் சாதுவின் கல்லறைக்கே 2009 மார்ச்சில் குண்டு வைத்தார்கள். அங்கே பெண்கள் வந்து போகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. செய்தது நீங்கள் இல்லை என்பதும், எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்தது என்பதும் எனக்குத் தெரியும். காரணம் மட்டும் எங்கேயோ கேட்டதுபோல இருக்கிறதே.

உங்கள் நாட்டை நிறுவிய அகமது ஷா துரானியே கவிஞர்தான். என் பஷ்தூன் மண்ணின் மலைச்சிகரங்களை நினைத்தால் டெல்லி சிம்மாசனமே மறந்துபோகிறது என்று எழுதியவர். அவர் அடக்கமாகியிருக்கும் இடம் காந்தஹாரில், நபியின் மேலங்கி வைத்திருக்கும் தலத்துக்குப் பக்கத்தில். 1996-ல் உங்கள் முதல் தலைவர் முல்லா உமர் அந்த அங்கியை எடுத்துக் கூட்டத்தின் முன் காட்டினாரே, அதே இடம். 1709-ல் காந்தஹாரைப் பாரசீகத்தின் சஃபாவி மன்னர்களிடமிருந்து மீட்ட மிர்வைஸ் ஹோதக்கின் தாயார் நாஸோவும் கவி பாடியவர் என்றுதான் உங்கள் மரபு சொல்கிறது. அந்த அம்மாவை 'நாஸோ அனா' என்று பாட்டி முறை வைத்து மரியாதையோடு கூப்பிடுகிறீர்கள். மரபு மரபு என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் அந்த மரபைக் கொஞ்சம் திறந்துதான் பாருங்களேன்.

இனி ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். ஹெல்மாந்த் மாகாணத்துக்காரி. காபூலில் மிர்மன் பஹீர் என்ற பெண்கள் இலக்கிய வட்டம் கூடும். மாகாணங்களில் இருந்து வர முடியாதவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுத் தங்கள் கவிதையைச் சொல்வார்கள், இந்த முனையில் ஒருத்தி எழுதிக்கொள்வாள். இவளும் அப்படித்தான். ஒருநாள் தன் கவிதையைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தபோது பிடிபட்டாள். கவிதை என்றால் காதல், காதல் என்றால் எவனோ இருக்கிறான் என்பது வீட்டுக்காரர்கள் கணக்கு. அண்ணன் தம்பிகள் அடித்தார்கள், நோட்டுப் புத்தகங்களைக் கிழித்தார்கள். கொஞ்ச நாளில் அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அது 2010.

2010-ல் ஆட்சி உங்களிடம் இல்லை என்று உடனே சொல்வீர்கள். உண்மைதான், நானும் அதை மறைக்கப் போவதில்லை. அவளை அடித்தது எந்த அமைச்சகமும் இல்லை, சொந்த வீடு. அடைக்கலம் கேட்டு வந்தவன் எதிரியானாலும் நானவாதை என்று கதவைத் திறக்கிற அதே பஷ்தூன்வலிதான், உங்கள் குல நெறிதான், பெண்ணின் பெயர் வெளியே போனால் 'தோர்', கறுப்பு, என்று கத்தியைத் தீட்டுகிறது. ரத்தப் பகையைத் தீர்க்கப் பெண்ணைக் கொடுத்துவிடும் வழக்கமும் அதற்குள் இருந்தது. 2021 டிசம்பரில் உங்கள் தலைமையே ஆணை போட்டு, பெண் சொத்து அல்ல, சமாதானத்துக்குக் கொடுக்கிற பண்டமும் அல்ல என்றது. நல்ல ஆணை, வாய்விட்டுப் பாராட்டுகிறேன். குல வழக்கம் தப்பாக இருந்தால் திருத்தலாம் என்று உங்களுக்கே தெரிகிறது. தெரிந்துகொண்டே அந்த அண்ணன் தம்பிகள் வீட்டுக்குள் வைத்திருந்த தடையை எடுத்து நாட்டுக்கே சட்டமாக்கிவிட்டீர்களே, அதுதான் புரியவில்லை. அன்று அவளுக்கு எதிராக ஒரு வீடு இருந்தது, மறுமுனையில் கேட்டு எழுதிக்கொள்ள ஒருத்தி இருந்தாள். இன்று அதே வயதுப் பெண் யாரைக் கூப்பிடுவாள்? ஒரு பெண் ஓதுவது இன்னொரு பெண்ணின் காதில்கூட விழக்கூடாது என்று உங்கள் அமைச்சர் ஒருவர் பேசியதாகச் செய்தி படித்தேன். எழுதி வைத்துக்கொள்ளட்டுமே என்றால், ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடமும் இல்லை. லண்டய் ஏட்டில் வாழ்கிற கவிதை இல்லை ஐயா. அது வாயிலும் காதிலும்தான் வாழ்கிறது.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் பட்டாணியர், அதாவது பஷ்தூன்கள், என்றால் வட்டிக்கு விட்டு வாசலில் வந்து நிற்கிற ஈட்டிக்காரன், அவ்வளவுதான் தெரியும். பிறகு துப்பாக்கி பிடித்தவன் என்று தெரிந்துகொண்டோம். ஹம்ஸா ஷின்வாரி கைபர் மலையில் உட்கார்ந்து கஜல் எழுதினார், கனி கான் சாந்தி நிகேதனில் போய்ப் படித்துவிட்டு வந்து ஓவியமும் கவிதையுமாக வாழ்ந்தார் என்பதெல்லாம் யாருக்கு வேண்டும்? உலகம் உங்கள் மக்களைப் பற்றி வைத்திருக்கும் அந்தப் பழைய படத்துக்கு நீங்களே சட்டகம் போட்டு மாட்டுகிறீர்கள். 2023-ல் ஹெராத்தில் இசைக் கருவிகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். 2024-ல் ரபாப் என்ற நரம்புக் கருவியைச் செய்வதும் வாசிப்பதும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, ஆப்கானிஸ்தான் பெயரும் சேர்ந்தே. வாசிக்க ஆள் வேண்டாம் என்றால், அடுத்த முறை சாம்பலுக்கு விண்ணப்பித்துப் பாருங்கள்.

மன்னிக்கவும், மரியாதையாகக் கேட்கத்தான் உட்கார்ந்தேன்.

டெல்லியில் உங்கள் வெளியுறவு அமைச்சரின் முதல் செய்தியாளர் சந்திப்பில் பெண் நிருபர் ஒருவர்கூட இல்லை. கண்டனம் கிளம்பியது. இரண்டு நாள் கழித்து இன்னொரு சந்திப்பு. பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள், அமைச்சரும் பதில் சொன்னார். அவர் ஈமானுக்கு ஏதும் குறை வந்ததாகத் தெரியவில்லை. டெல்லியில் கேட்க முடிந்த பெண் குரலை ஜலாலாபாத்தில் கேட்க முடியாதா? அங்கே வசந்தத்தில் நாரத்தைப்பூக் கவியரங்கு என்று வருடா வருடம் கூடுவது வழக்கம். பூவின் பெயரால் கவிதைக்குக் கூடுகிற ஊர்கள் உலகத்தில் எத்தனை இருக்கும்?

ஆகவே வேண்டுகோளை மறுபடியும் சொல்கிறேன். பெண் குரலுக்கு எதிரான பிரிவைத் திரும்பப் பெறுங்கள். கவியரங்கச் சட்டத்தைத் திரும்பப் பெறுங்கள். முதலாவது உங்கள் கையில் இல்லை என்றால் உரிய துறைக்குப் பரிந்துரைத்து ஒரு கடிதமாவது எழுதுங்கள். இரண்டாவதில் உங்கள் அமைச்சகத்துக்குப் பங்கு உண்டு. அடுத்த நாரத்தைப்பூ பூப்பதற்குள் அதையாவது முடித்துக் கொடுத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
பஷ்தூ தெரியாத ஒரு பஷ்தூக் கவிதை வாசகன்