உன் சுவருக்கு வரும் படம்

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள மகளுக்கு,

உனக்காக நான் வரைந்த படத்தின் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு நீ எழுப்பிய கேள்விகளுக்குத் தொலைபேசியில் பதில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால், நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். சுருட்டையும் கிரிஸ்டல் கோப்பைகளையும் மனத்தில் வைத்து வரைந்ததாகச் சொல்கிறாயே, இரண்டில் ஒன்றைக்கூட அதில் காணோமே என்று நீ கேட்டது நியாயம். புகையும் மதுவும் சம்பந்தப்பட்ட படத்தை வரவேற்பறையில் மாட்டினால் உன் மாமியார் வரும்போது என்ன நினைப்பார் என்று நீ தயங்குவதும் நியாயமே. இரண்டாவதற்கான விடை முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கண்ணில் படாத ஒன்றைப் பற்றி அவர் எதுவும் நினைக்கப்போவதில்லை. முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சுருட்டும் கோப்பையும் வசதிபடைத்தவர் மேசையில் சேர்ந்தே இருக்கும் என்பது ஓட்டல்காரர்களின் கற்பனை. அதற்காக நான் அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. ஒளியிடம் அவை இரண்டும் நேர்மாறாக நடந்துகொள்கின்றன என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பதப்படுத்திய புகையிலை தன்மேல் விழும் ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. நல்ல கண்ணாடியோ எதையும் வைத்துக்கொள்ளாமல் திருப்பியும் வளைத்தும் அனுப்பிவிடுகிறது. இந்த இரண்டு குணங்களையும் உருவம் இல்லாமல் ஒரே துணியில் நிறுத்த முடியுமா என்று பார்ப்பதுதான் வேலை.

சுருட்டு எனக்குப் புதியது அல்ல என்பது உனக்குத் தெரியும். உறையூரில் உன் தாத்தா சுருட்டுச் சுற்றிய திண்ணையில்தான் நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்ற பெயரில் வெள்ளைக்காரர் காலத்தில் லண்டன்வரை போன சரக்கு அது. உள்ளே நிரப்பும் இலை, அதைக் கட்டிப்பிடிக்கும் இலை, எல்லாவற்றுக்கும் மேலே போர்த்தும் மெல்லிய இலை என்று மூன்று அடுக்கு அதற்கு உண்டு. கியூபாச் சுருட்டின் தலைப்பக்கத்தைச் சிறு இலைத்துண்டால் மூடியிருப்பார்கள், பிடிப்பவர்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். நம் ஊர்ச் சுருட்டுக்கு இரண்டு முனையும் வெட்டியபடியே இருக்கும். தாத்தா தான் சுற்றியதைத் தான் பிடித்ததில்லை; அந்தப் பழக்கத்தைப் புகழ எனக்கும் எண்ணம் இல்லை.

ஆனால் மேலே போர்த்தும் அந்த இலையைக் கையில் வைத்துப் பார்த்தவர்கள் பழுப்பு என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட மாட்டார்கள். இலையைக் குவியலாக அடுக்கி வைக்கும்போது உள்ளே தானாகச் சூடேறிப் புளித்து நிறம் இருளும். குவியலைக் கலைத்துத் திரும்ப அடுக்குவார்கள். பச்சை கலந்த வெளிர்பழுப்பிலிருந்து செம்பழுப்பு வழியாக ஏறக்குறையக் கறுப்புவரை நிறங்கள் அதில் கிடைக்கும். பக்க நரம்புகள் சாய்வாக ஓடுவதால் சுற்றிய பிறகு அவை சுருள்கோடுகளாகத் தெரியும். இலையில் எண்ணெய்ப் பசை இருப்பதால் சாய்த்துப் பிடித்தால் மட்டும் ஒரு மங்கிய பளபளப்பு வரும். எரிந்த பிறகு மிஞ்சும் சாம்பலும் உடனே உதிர்ந்துவிடாது. அடுக்கடுக்காக, இலையின் வடிவத்தை விடாமல், வெள்ளைக்கும் கருஞ்சாம்பலுக்கும் நடுவே பல சாயைகளோடு நிற்கும். படத்தில் இடப்பக்கம் மேலிருந்து கீழாக இறங்கும் அகலமான பழுப்புப் பட்டையும், அதன் தலையில் உள்ள சாம்பல் படிகளும் அங்கிருந்து வந்தவை. நடுவில் கங்கின் சிவப்பை வைக்க வேண்டும் என்று கை துடித்தது உண்மைதான். வைத்திருந்தால் பார்ப்பவர் கண் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்ளும், இது சுருட்டு என்று கண்டுபிடித்துவிட்டுப் படத்தை விட்டு நகர்ந்தும்விடும்.

கண்ணாடிதான் படுத்தி எடுத்தது. சோர் பஜாரின் மட்டன் தெருவில் பழைய கோப்பைகள் விற்பவர்கள் விளிம்பை விரலால் சுண்டிக் காட்டுவார்கள். சாதாரணக் கண்ணாடி டொக்கென்று அடங்கிவிடும், ஈயம் கலந்த கிரிஸ்டல் மணிபோல நீண்டு ஒலிக்கும். இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் 1674இல் காப்புரிமை பெற்ற பிறகு பரவிய கண்ணாடி அது. ஈய ஆக்சைடு 24 சதவீதமாவது இருந்தால்தான் ஈயக் கிரிஸ்டல் என்று அழைக்கலாம் என்பது நீ இருக்கும் ஐரோப்பாவின் விதி. ஈயம் கூடக்கூடக் கனமும் கூடும், ஒளி உடைந்து வளைவதும் கூடும்; வெட்டிய பட்டைகளின் ஓரத்தில் வானவில் துணுக்குகள் தெரிவது அதனால்தான்.

அந்தத் துணுக்குகளை வரைவது சுலபம். அப்படி வரைந்த படங்கள் பல்பொருள் அங்காடியில் பரிசுப்பொருள் விற்கும் பகுதியில் நிறையத் தொங்குகின்றன. எனக்கு வேண்டியது வேறு. அப்படி ஒரு கோப்பையை வாங்கிவந்து வெள்ளைச் சுவருக்கு முன்னால் வைத்தபோது அதன் ஓரங்கள் கறுப்புக் கோடாகத் தெரிந்தன. அதே கோப்பையை அப்பாவின் கறுப்பு மேலங்கிக்கு முன்னால் நகர்த்தியபோது ஓரங்கள் வெள்ளைக் கோடாக மாறிவிட்டன. கண்ணாடி வளையும் இடத்தில் பின்னால் இருப்பதை நேராகக் காட்டாமல் பக்கத்தில் இருப்பதை இழுத்துக் காட்டுகிறது. ஆகவே வெளிச்சத்தின் முன் இருட்டையும், இருட்டின் முன் வெளிச்சத்தையும் ஓரத்தில் சேர்த்துவிடுகிறது. கண்ணாடிப் பொருள்களைப் படமெடுக்கும் புகைப்படக்காரர்களுக்கு இது அன்றாடப் பாடம். எனக்குத் தேவையானது அத்தனையும் அதில் கிடைத்துவிட்டது. புகைப்படத்தில் வலமிருந்து இடமாக ஓடும் மெல்லிய கோடு ஒன்றை நீ கீறல் என்று நினைத்தாயே, அதைப் பெரிதாக்கிப் பார். வெளிர்பூச்சின்மேல் போகும்போது அது கறுப்பு. பழுப்புப் பட்டைக்குள் நுழைந்ததும் வெள்ளை. கோப்பை என்று அந்தப் படத்தில் இருப்பது அந்தக் கோடு மட்டுமே.

நீ ஆம்ஸ்டர்டாமிலேயே இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்பது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரைக்ஸ் மியூசியத்துக்குப் போய், டச்சு ஓவியர் வில்லெம் கிளாஸ் ஹெடா 1635இல் வரைந்த, தங்கமுலாம் பூசிய கிண்ணம் உள்ள மேசைப் படத்தின் முன் நின்று பார். அங்கே கண்ணாடியை அவர் ஏறக்குறைய வரையவே இல்லை. சாம்பல் கலந்த பின்னணியை அப்படியே விட்டுவிட்டு, ஓரமும் சில வெளிச்சத் தீற்றல்களும் மட்டுமே வைத்திருக்கிறார். அவர் வாழ்ந்த ஹார்லெம் நகரத்தில் அதே காலத்தில் இருந்த ஓவியர் பீட்டர் கிளாஸ் களிமண் புகைக்குழாய்களையும் புகையிலையையும் கோப்பைகளோடு சேர்த்து வரைந்தவர். இன்பமெல்லாம் புகையாய்ப் போகும் என்ற உபதேசம் அந்த வகைப் படங்களில் உண்டு. உபதேசத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை, அந்தச் சிக்கனத்தை எடுத்துக்கொண்டேன்.

பிற்காலத்தில் பிக்காசோ 1914இல் ஆப்சிந்த் என்ற மதுவுக்கான கோப்பை ஒன்றை வெண்கலத்தில் ஆறு பிரதிகளாக வார்த்து, ஒவ்வொன்றுக்கும் வேறுவேறாக வண்ணம் பூசினார். ஒளி புகவே முடியாத உலோகத்தில் கண்ணாடியைச் செய்யலாம் என்ற அந்தத் துணிச்சல் எனக்கு அவருடைய பல ஓவியங்களைவிடப் பிடிக்கும். ஆனால் கை எப்படி நகர வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நம் பம்பாயின் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்த வாசுதேவ் காய்தொண்டே. உருளையாலும் தட்டைக் கத்தியாலும் வண்ணத்தைப் பரப்பி, எடுத்து, மறுபடி பரப்பி, ஆண்டுக்கு மிகச் சில படங்களே வரைந்தவர் அவர். அவர் படங்களில் ஒளி மேலிருந்து விழுவதில்லை, பூச்சின் அடியிலிருந்து கசிந்து வரும்.

என் பழுப்புப் பட்டையும் அந்த வழியில் ஆனதுதான். குழைத்த பழுப்பை ஒரே பூச்சாக அப்பினால் அது சுவர் வண்ணம் ஆகிவிடும். வெள்ளை அடித்தளத்தின்மேல் சுட்ட சியன்னா என்ற செம்பழுப்பு மண்வண்ணத்தை ஆளிவிதை எண்ணெயில் நன்றாக இளக்கி, அடியில் உள்ளது தெரியும்படி மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினேன். ஒளி அந்தப் பூச்சுகளுக்குள் புகுந்து, வெள்ளையில் பட்டு, நிறத்தோடு திரும்பி வருகிறது. ஃபில்டரிலிருந்து இறங்கும் முதல் டிகாக்‌ஷனைக் கண்ணாடி டம்ளரில் ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால் தெரியுமே, அந்த நிறம். அப்படியாக இலையின் நிறத்தைக் கண்ணாடியின் முறையிலேயே கொண்டுவர முடிந்தது. இந்தப் படத்தில் எனக்கு முழுத் திருப்தி தந்த இடம் அது ஒன்றுதான். இருண்ட பகுதிகளுக்குப் பயன்படுத்திய அம்பர் என்ற கரும்பழுப்பு மண்வண்ணத்தில் மாங்கனீசு இருப்பதால் அது சீக்கிரம் உலர்ந்துவிடும். டைட்டானியம் வெள்ளையோ மும்பை மழைக்காலத்தில் உலர்வேனா என்று அடம்பிடிக்கும், துணியின் பின்பக்கம் பூஞ்சையும் பிடிக்கும். ஆகவே ஆடி மாதம் முழுவதும் அதைத் தொடவில்லை. இடப்பக்கத்துச் சாம்பல் படிகள் இன்னும் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம் என்று அப்பா சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உன் நண்பர்கள் கேட்டால் இது எதைப் பற்றிய படம் என்று நீ சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால்தான் பின்பக்கத்தில் தேதியும் என் கையெழுத்தும் தவிர வேறு எதையும் எழுதவில்லை. மாப்பிள்ளை அதில் பாலம் தெரிகிறது என்றாராம். இருக்கட்டும்.

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணம் உள்ள பக்கம் வெளியே இருக்கும்படி அகலமான குழாயில் சுற்றி அனுப்புகிறேன். உள்பக்கமாகச் சுற்றினால் பூச்சு நெரிந்து வெடிக்கும். வந்ததும் குழாயிலேயே விட்டுவைக்காமல் விரித்து, சட்டம் அடிப்பவரிடம் கொடு. ஜன்னலுக்கு எதிரே மாட்ட வேண்டாம், பக்கவாட்டில் வெளிச்சம் விழும் சுவராகப் பார். வார்னிஷ் பூச வேண்டும் என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. எண்ணெய் முழுவதும் உலர ஓராண்டாவது ஆகும், அடுத்த கோடையில் நான் அங்கே வரும்போது நானே பூசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா