பிள்ளை பார்த்தவர்களுக்கும் சோறு கட்டித் தந்தவர்களுக்கும்

செக் நாட்டின் ஒஸ்ட்ராவா நகரிலும் சுற்றுப்பக்கத்திலும் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ரோமா என்னும் சிறுபான்மை இனத்து இளம்பெண்கள் தங்களுக்காகத் தாங்களே பேசப் பழக, பிப்ரவரியில் தொடங்கிய பயிற்சி போன சனிக்கிழமை முடிந்தது. பதினான்கு பேர் சேர்ந்தார்கள். பன்னிரண்டு பேர் கடைசிவரை வந்தார்கள். நின்றுபோன இருவரில் ஒருத்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. இன்னொருத்தியின் குடும்பம் வாடகை வீட்டைக் காலிசெய்ய நேர்ந்து வேறு ஊருக்குப் போய்விட்டது. வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டு முடித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பொங்கல் விழாவில் இந்தப் பயிற்சிக்காக உண்டியல் வைத்தபோது சிலர் என்னிடம் கேட்டீர்கள்: இங்கே வந்த நாளிலிருந்து ரோமாக்களைப் பற்றிப் பயமுறுத்தித்தான் கேட்டிருக்கிறோம், இதில் நமக்கு என்ன வேலை என்று. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. டிராமில் அவர்கள் ஏறினால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டவள்தான் நானும். அன்று அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

செக் நாட்டில் முன்பு வாழ்ந்த ரோமாக்களில் மிகப் பெரும்பாலோர் நாஜிகள் காலத்தில் கொல்லப்பட்டுவிட்டார்கள். இன்று இந்த ஊரில் இருப்பவர்கள் பெரும்பாலும் போருக்குப் பிறகு ஸ்லோவாக்கியாவிலிருந்து சுரங்கத்துக்கும் இரும்பாலைக்கும் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். ஊருக்குள் இருந்த கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1994இல் மூடியது. வேலை போனது, ஆட்கள் இங்கேயே நின்றார்கள். அப்புறம் பள்ளிக்கூடம். மனவளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்கென்று இருந்த சிறப்புப் பள்ளிகளில் ரோமாக் குழந்தைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மற்றக் குழந்தைகளைவிட 27 மடங்கு அதிகமாக அவர்கள் அங்கே அனுப்பப்பட்டதாகக் கணக்கெடுத்துக் காட்டி, இந்த ஊரின் 18 பிள்ளைகள் ஸ்ட்ராஸ்பூர்க் வரை போய் வழக்காடினார்கள். 2007 நவம்பரில் அங்கிருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அது பாகுபாடுதான் என்று தீர்ப்பளித்தது. நம் பயிற்சிக்கு வந்த பெண்களில் சிலருடைய அம்மாக்கள் அந்த மாதிரிப் பள்ளியில் படித்தவர்கள்.

எலெனா கோரோலோவாவையும் சொல்ல வேண்டும். இந்த ஊர் ரோமாப் பெண். 1990இல் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது, என்ன ஏது என்று புரியும்படி சொல்லாமல் அவருக்கு நிரந்தரக் கருத்தடை செய்துவிட்டார்கள். அவரைப் போன்ற பெண்கள் ஒன்றுசேர்ந்து ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். 2021இல்தான் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது, ஒவ்வொருவருக்கும் 3,00,000 கொருனா (செக் நாணயம்) இழப்பீடு என்று. பாதிக்கப்பட்ட பெண்கள் தாங்களே வாய் திறந்ததால் வந்த சட்டம் அது. இந்தப் பயிற்சி எதற்கு என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

பயிற்சி தந்த இரண்டு பெண்களும் ரோமாக்களே. அவர்களுக்குத்தான் முதல் நன்றி. ஒருவர் சமூகப் பணியாளர், இன்னொருவர் பள்ளியில் உதவி ஆசிரியை. பெரிய சொற்பொழிவு எதுவும் கிடையாது. வாடகைக்கு வீடு கேட்டு வீட்டு உரிமையாளருக்குப் போன் போடுவது எப்படி, தலைமையாசிரியரிடம் உட்கார்ந்து பேசுவது எப்படி, மருத்துவர் நீட்டும் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாமல் இருப்பது எப்படி, இவைதான் பாடம். 2009 முதல் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் இருக்கிறது என்பதே பல பெண்களுக்குப் புதுச் செய்தி. பிர்னோ நகரில் இருக்கும், மக்களின் குறைகளை விசாரிக்கும் மக்கள் உரிமைக் காப்பாளர் அலுவலகத்துக்குப் புகார் எழுத ஒரு காசும் செலவில்லை என்பதும்தான்.

ஒரு சனிக்கிழமை நடந்தது அப்படியே கண்ணில் நிற்கிறது. பயிற்சியாளர் வீட்டு உரிமையாளராக நடிக்கிறார். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி போன் பேச வேண்டும். வீடு காலியாக இருக்கிறது என்று முதலில் சொன்னவர், குடும்பப் பெயரை வைத்து ரோமா என்று தெரிந்ததும் "இப்போதுதான் ஆள் வந்துவிட்டார்கள்" என்கிறார். அந்தப் பெண்ணுக்கு இது நடிப்பில்லை. போன மாதம்தான் நிஜமாகவே நடந்திருக்கிறது. காது வரை சிவந்துபோய்ப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவளுக்கு எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்துவிட்டேன். பயிற்சியாளர் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். அரை நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு அவளே, மெதுவாக: "எப்போது வந்தார்கள்? நீங்கள் யார் பேசுகிறீர்கள், பெயர் சொல்லுங்கள். இதையே எனக்கு எழுதி அனுப்புங்கள்." மூன்றே வாக்கியம். முடித்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள், பிறகு இன்னொரு முறை செய்யலாம் என்றாள். நல்ல மனசோடு இருந்தாலும் இன்னொருவருக்காகப் பேசிவிடுவது அவர் வாயை அடைப்பதுதான் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

அதனால்தான் உங்கள் உதவி எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. யாரும் மேடை கேட்கவில்லை. பிள்ளை பார்த்தீர்கள், சமைத்தீர்கள், டிராம் சீட்டுக்குக் காசு கொடுத்தீர்கள்.

மகனைப் பார்க்க ஈரோட்டிலிருந்து வந்திருந்த அந்த அம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். செக் மொழியில் ஒரு சொல் தெரியாது. பக்கத்து அறையில் ஏழு குழந்தைகளை வைத்துக்கொண்டு, ஒன்றைத் தோளில் போட்டு, ஒன்றைக் காலில் கிடத்தித் தாலாட்டிக்கொண்டிருப்பார்கள். முதல் வாரம் ஒரு பெண்ணின் மாமியார் வேவு பார்க்கவே வந்தார். கதவோரம் நின்று பார்த்தார், உள்ளே போய் அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார், அப்புறம் எல்லா வாரமும் வந்தார். மருமகளைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்ற பேச்சு அதோடு நின்றது. அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டது அந்த மாமியார்தான்.

வாரம் தவறாமல் எலுமிச்சைச் சாதமும் தயிர்ச்சாதமும் கட்டித் தந்த நான்கு வீடுகளுக்கும் நன்றி. அந்தச் சாப்பாட்டு வேளையில்தான் மொழி விளையாட்டு நடக்கும். ஒருத்தி காதைத் தொட்டு அவர்களுடைய ரோமானி மொழியில் "கன்" என்றாள். நான் கண்ணைத் தொட்டு "கண்" என்றேன். இல்லை இல்லை என்று அவள் என் காதைப் பிடித்து இழுக்க, ஒரே சிரிப்பு. தண்ணீருக்கு "பானி". இந்தி தெரிந்த ஓசூர் நண்பருக்குப் பாதிச் சொற்கள் பிடிபட்டுவிட்டன. ஆயிரம் ஆண்டுக்கு முன் வட இந்தியாவிலிருந்து கிளம்பிப்போன மொழி, இன்னும் அந்தச் சொற்களை விடவில்லை. ஏப்ரல் 8, உலக ரோமா நாளன்று நீலமும் பச்சையுமான துணியில் நடுவே பதினாறு ஆரம் கொண்ட சிவப்புச் சக்கரத்தைத் தைத்துக் கொடியாக்கிக் கொடுத்தாரே, அந்தத் தையல் தெரிந்த அக்காவுக்கும் நன்றி. அந்தக் கொடி இப்போது பயிற்சி அறையில் மாட்டியிருக்கிறது.

எட்டு மணி வரை அறையைத் திறந்துவைத்த நூலகப் பெண்மணி தமிழ் படிக்க மாட்டார். அவருக்கு நேரில் சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒரு செய்தி. இங்கே பதினெட்டு வயதான யாரும் தங்கள் உள்ளாட்சி மன்றக் கூட்டத்தில் எழுந்து பேசலாம், சட்டம் அனுமதிக்கிறது. போன் பேசிப் பழகினாளே, அந்தப் பெண் இந்த மாதக் கூட்டத்தில் பேசினாள். அவர்கள் தெருவில் குளிர்காலம் முழுக்க விளக்கு எரியவில்லை. எந்தக் கம்பம், எந்த நாளிலிருந்து, யாரிடம் எத்தனை முறை சொன்னோம் என்று தாளைப் பார்த்துப் படித்தாள். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. பார்வையாளர் வரிசையில் மற்றப் பதினொரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எழுத்தில் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

உங்கள் எல்லோருக்கும் ஒன்று சொல்லச் சொன்னார்கள்: "பாலிகெராவ்." நன்றி என்று அர்த்தம்.

என் வீட்டில் யாருடையதோ இரண்டு டிபன் கேரியரும் ஒரு பெரிய தூக்குச்சட்டியும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் அடுத்த குழு தொடங்கும்போது திரும்பக் கேட்பேன்.