ரெண்டாவது டிரான்ஸ்ஃபர் கேஸ் கிட்: வேலை முடியாமலே "முடிஞ்சது"ன்னு நீங்க மூடிட்ட புகார் பத்தி

கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு, அவருக்கு மேல யாராச்சும் இருந்தா அவங்களுக்கும்

வணக்கம் சார்,

இன்னைக்குக் காலைல உங்ககிட்ட இருந்து ஒரு மெசேஜ் வந்துச்சு, "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்"னு. எந்தப் புகாருங்க தீந்துச்சு? வண்டி எங்க காட்டு வீட்டுச் சாளைக்கு முன்னாடி சக்கரத்துக்குக் கல்லு முட்டுக் குடுத்து நிக்குது, அடியில பழைய எண்ணெய் டின்ன அறுத்து வெச்சு ஆயில் புடிச்சிட்டு இருக்கோம். கோவத்துல எழுதறேன், ஏதாச்சும் வார்த்தை எச்சா வந்துட்டா மன்னிச்சுக்குங்க, ஆனா முழுசாப் படிங்க.

எந்த கிட்டுன்னு நான் விளக்க வேண்டியதில்ல, அதான், அந்தப் பழைய ஜீப்புல கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் (இழுவைய முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரிச்சு விட்டு, சாதா ஓட்டத்துக்கு ஹை, மெதுவா இழுக்க லோன்னு மாத்தற பெட்டி) நடுவுல ரெண்டாவதா மாட்டற உங்க பாக்ஸ், பெரிய அலுமினியப் பிளேட்டோட வர்றது. நீங்க செஞ்ச சாமான், உங்களுக்குத் தெரியாதா. ஆனா உங்க போன்ல உக்காந்திருக்கற ஆளுங்களுக்குத் தெரியலைங்களே. அதுல ஒருத்தர் இருக்காரு, பேரு சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், எப்பப் பேசுனாலும் "சொல்லுங்க"ன்னு அதட்டற மாதிரிதான் ஆரம்பிப்பாரு. லோ போட்டா நழுவுதுங்கன்னு சொன்னா "லோன்னா மெதுவாத்தான் சார் போகும், அது கம்ப்ளெய்ன்ட்ல வராது"ங்கறாரு. மெதுவாப் போகுதுன்னா சொன்னேன்? நழுவுதுன்னு சொன்னேன். திருப்பிச் சொன்னா "ஒரு வண்டிக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் சார் இருக்கும், ரெண்டு இருக்குன்னா நீங்க ஆர்டர் தப்பாப் போட்டிருப்பீங்க, ஒண்ணக் கழட்டிருங்க"ன்னாரு. சார், ரெண்டு வேணும்னுதான் உங்ககிட்ட வந்து லட்சத்துக்கு மேல குடுத்தேன்!

எதுக்கு வேணும்னு சொல்லிடறேன். எங்களுக்கு கொல்லிமலைல மிளகுக் காடு இருக்குது. காரவள்ளில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி சோளக்காடு தாண்டுனப்பறம் மண்ணு ரோடு, அதுக்கும் அக்கட்டால இருக்கறது ரோடே இல்ல, பாறையும் வேருந்தான். மூட்டை ஏத்திட்டு அதுல எறங்கறப்ப ஃபர்ஸ்ட் கியர், லோ போட்டாலும் வண்டி தள்ளிட்டே போகும், பிரேக்ல கால வெச்சு வெச்சு டிரம் கருகி வாசம் அடிக்கும். அப்பத்தான் உங்க சேல்ஸ் தம்பி ஒருத்தர் வந்து கணக்குப் போட்டுக் காட்டுனாரு. அமெரிக்காவுல பழைய டொயோட்டா பிக்கப்புல பல வருசமா இப்படித்தான் ரெண்டு கேஸ் ஒட்டுக்கா மாட்டி ஓட்டறாங்க, ஒரு கேஸ் லோல வேகத்த 2.28 மடங்கு கொறைக்கும், ரெண்டையும் லோல போட்டா 2.28ஐ 2.28ஆல பெருக்கி 5.2, ஃபர்ஸ்ட் கியர் 3.95, ஆக்ஸில் 4.10, எல்லாம் பெருக்குனா 84, அதாவது எஞ்சின் 84 சுத்து சுத்துனா சக்கரம் ஒரு சுத்து, ஒரு கேஸோட இருந்தா இது 37தான்னு சொன்னாரு. கணக்கு தப்பில்ல, நானும் வீட்டுல உக்காந்து போட்டுப் பாத்தேன். நம்ம ஜீப்புக்கும் அதே மாதிரி வரும், பிரேக்க மிதிக்காமயே எறங்கலாம்னாரு. அந்தத் தம்பி மேல எனக்குக் கோவம் இல்லீங்க, அவருக்கு விசயம் தெரிஞ்சிருந்துச்சு. இப்ப வேலைய விட்டுட்டாருன்னு சொல்றீங்க. தெரிஞ்சவன் எல்லாம் போயிட்டா அப்பறம் கம்பெனில யாருதாங்க இருக்கறது?

அவரு "போல்ட் மாட்டுனா முடிஞ்சுது, அரை நாள் வேலை"ன்னாரு. இங்க நடந்ததக் கேளுங்க. நடுவுல ஒரு பாக்ஸ் வந்தா பழைய கேஸ் பின்னாடி தள்ளிப் போகுது. அப்ப பின் சக்கரத்துக்கு இழுவை கொண்டு போற புரொப்பல்லர் ஷாஃப்ட அறுத்துக் குட்டையாக்கணும், முன்னாடி ஷாஃப்ட நீட்டணும், ரெண்டையும் பேலன்ஸ் போடணும், பெட்டியத் தாங்கற குறுக்குச் சட்டம், அந்த கிராஸ் மெம்பரப் பின்னாடி நகத்தணும், லீவர் வர்றதுக்கு ஃப்ளோர்ல புதுசா ஓட்டை போடணும். எங்க வண்டிக்கு ஹேண்ட்பிரேக்கே கேஸுக்குப் பின்னாடி டிரம்லதான், கேஸு நகந்தா அந்தக் கேபிளும் எட்டாது, ஸ்பீடாமீட்டர் கேபிளும் எட்டாது. இதுல ஒண்ணு கூட கிட்டோட வந்த உங்க விளக்கப் பேப்பர்ல இல்ல. பேப்பரே வேற வண்டிக்கு உண்டானது. எங்க மெக்கானிக் திருச்செங்கோட்டுல போர்வெல் ரிக் வண்டிகளுக்கு கியர் வேலை பாத்தவரு, அவரு கைக்கு வராத பெட்டி இல்ல, அவரே ரெண்டு நாளைக்குப் பேப்பரத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "ஏங்கண்ணு, செஞ்சவன் இத ஒரு தடவயாச்சும் மாட்டிப் பாத்திருப்பானா"ன்னு கேட்டாரு. நான் என்ன பதில் சொல்றது?

மொதல்ல வந்த பிளேட்டுல டவல் பின் (பிளேட்ட நேர் சென்டர்ல உக்கார வெக்கற முளை) ஓட்டை ஒரு மயிரிழை தள்ளி இருந்துச்சு. போல்ட் எல்லாம் ஏறுது, பின்னு உக்கார மாட்டேங்குது. உங்களுக்குப் போன் போட்டா அதே அதட்டல்காரர் "கொஞ்சம் ராவி விட்டு உக்கார வைங்க"ன்னாரு. எங்க மெக்கானிக் ராவலீங்க, மயிரிழை அளவு பாக்கற டயல் கேஜ் வெச்சுப் பாத்துட்டு, ராவுனா சென்டர் போயிரும், சென்டர் போனா பேரிங் போயிரும்னு ஓரமா எடுத்து வெச்சுட்டாரு. அப்பறம் பாத்தா உங்க மெயில்ல "வாடிக்கையாளர் பாகத்தை மாற்றியமைத்திருந்தால் வாரண்டி செல்லாது"ன்னு வருது. ராவச் சொன்னது உங்க ஆளு! கால் ரெக்கார்ட் ஆகும்னு ஒவ்வொரு தடவயும் நீங்கதான சொல்றீங்க, எடுத்துக் கேளுங்க.

மாத்துப் பிளேட் வந்து மாட்டுனோம், உக்காந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். கொஞ்ச நாள் நல்லாவும் ஓடுச்சு, அதையும் சொல்லணும். ஆள் நடக்கறதுக்கும் மெதுவா, மூட்டையோட, பிரேக்ல காலே வெக்காம எறங்குச்சு, எங்க அப்பா பின்னாடியே நடந்து வந்து சிரிச்சாரு. அதுக்கப்பறம் ஆரம்பிச்சுது. ஹைல போறப்பவே பின்னாடி ஒரு அதிர்வு, குட்டை வண்டி, அதுலயும் ஷாஃப்ட் இன்னும் குட்டையாயிருச்சு, கோணம் எச்சாயிருச்சு. சரி அது கிடக்கட்டும். ஆயில் விசயம்தான் பெருசு. மெக்கானிக் செக் பண்றதுக்கு உங்க பாக்ஸோட லெவல் பிளக்கத் தொறந்தாரு, முழங்கை வரைக்கும் ஆயில் ஊத்திருச்சு. பக்கத்துலயே கியர்பாக்ஸ் பிளக்கத் தொறந்து விரல விட்டா விரல் காய்ஞ்சு வருது. நடுவுல இருக்கற சீல் புடிக்காம கியர்பாக்ஸ் ஆயில் பூராவும் உங்க பாக்ஸுக்குப் போயிட்டு இருக்குது, அங்க எச்சாகி வெளிய ஒழுகுது. கையில இருந்த ஆயில வெயில்ல புடிச்சுக் காட்டுனாரு, பித்தளைப் பொடி மினுமினுன்னு இருந்துச்சு. அது எங்கிருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்ங்க, சிங்க்ரோ ரிங்கு, கியர் நோகாம விழறதுக்கு கியர்பாக்ஸுக்குள்ள இருக்கற பித்தளை வளையம். ஆயில் இல்லாம ஓடிருக்குது. உங்க சீலால இப்ப என் கியர்பாக்ஸும் காலி.

அப்பறம் நழுவற விசயம். எறக்கத்துல, ரெண்டும் லோல, எஞ்சினே வண்டியப் புடிச்சிட்டு வர்றப்ப, உங்க பாக்ஸோட லீவர் டக்குனு நியூட்ரலுக்கு வந்துருச்சு. நடுவுல பாக்ஸ் நியூட்ரல் ஆனா எஞ்சின் புடிமானம் சுத்தமா இல்ல, உங்களுக்குப் புரியும். மூட்டையோட வண்டி தானா ஓட ஆரம்பிச்சுது. நம்ம நல்ல நேரம், மெக்கானிக் ஹேண்ட்பிரேக் கேபிள நீட்டி மாட்டி வெச்சிருந்தாரு, அதையும் கால் பிரேக்கையும் சேத்து அழுத்தி ஒரு பலா மரத்துல உரசி நின்னேன். கூட என் மச்சான் இருந்தான். எதாச்சும் ஆயிருந்தா என் அக்காவுக்கு என்னங்க பதில் சொல்லுவீங்க? இதச் சொன்னதுக்கும் அந்த மனுசன் "ஓவர் லோடு, மிஸ்யூஸ்"னாரு. ரெண்டு லோலயும் போட்டு ஆக்சிலேட்டர அமுக்குனா ஆக்ஸில் முறிஞ்சுரும்னு எங்களுக்கும் தெரியும்ங்க, முட்டை மேல நடக்கற மாதிரிதான் ஓட்டுனோம். ஆக்ஸில் நல்லாத்தான் இருக்குது, ஷாஃப்ட் மூட்டுல இருக்கற கிராஸும் நல்லாத்தான் இருக்குது, போனது உங்க சாமான் மட்டுந்தான்.

இப்ப கோயமுத்தூர் கதைக்கு வர்றேன், இதுக்குத்தான் நான் ராத்திரி தூங்கறதில்ல. வண்டியக் கொண்டு வாங்க, எங்க எஞ்சினியரே பாப்பாருன்னு சொன்னீங்க. ஓட்டற நிலைமைல இல்லைன்னு லாரில ஏத்தி, விடியக்காலைல நாமக்கல்லுல இருந்து கெளம்பி உங்க சர்வீஸ் சென்டருக்கு வந்தோம். வாசல்ல சீட்டு இல்லைன்னு நிறுத்துனாங்க, அப்பறம் உள்ள விட்டாங்க, எஞ்சினியர் லீவுன்னாங்க, உக்காருங்கன்னாங்க. டீ கூட வெளிய போய்த்தான் குடிச்சோம். மத்தியானத்துக்கு மேல ஒரு பையன் வந்து வண்டிய எடுத்துட்டுப் போனான். சரி, பாக்கறாங்க போலன்னு நெனச்சோம். பொழுதோட வண்டி வந்துச்சு, பளபளன்னு. வாட்டர் வாஷ் அடிச்சிருக்காங்க சார்! அடியில, பாக்ஸ் மேல, கேஸ் மேல, அத்தனையும் பிரஷர்ல அடிச்சு, ஒழுகுன ஆயில் தடம் பூராத்தையும் கழுவிட்டு, ஜாப் கார்டுல "லீக் எதுவும் காணப்படவில்லை"ன்னு எழுதி, வாட்டர் வாஷுக்கு பில்லும் போட்டுக் குடுத்தாங்க. பில்லக் கட்டாம கேட்டத் தொறக்க மாட்டேன்னுட்டாங்க. கட்டுனேன். லாரி வாடகை வேற, டிரைவர் படி வேற. எங்க மெக்கானிக் ஒரு வார்த்தை பேசலை, சங்ககிரி வரைக்கும் சும்மாவே வந்தாரு, அவரு அப்படி இருந்து நான் பாத்ததே இல்ல. உள்ள காத்து போய் வர்றதுக்கு பிரீதர் குழாய் இல்லாத பாக்ஸுங்க அது, சூடா ஓடுனது ஓடைத் தண்ணில எறங்கி சட்டுனு ஆறுனாலே உள்ள தண்ணிய இழுக்கும், அதுல போய் பிரஷர் தண்ணி அடிச்சிருக்காங்க. ஊருக்கு வந்து வடிச்சா ஆயில் பால் டீ கலர்ல வருது.

அதுக்கும் மேல ஒண்ணு. கடைசியா பேசுனப்ப அதே ஆளு "2019ல சுப்ரீம் கோர்ட்டே கம்பெனி டிசைன மாத்தக் கூடாதுன்னு சொல்லிருக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்.டி.ஓ.கிட்டப் போனா உங்களுக்குத்தான் பிரச்சனை"ன்னு மிரட்டுனாரு. ஏனுங்க, 2019ல சொன்னது உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது, அப்பறம் எனக்கு எதுக்கு வித்தீங்க? பில்லுல ஜி.எஸ்.டி. போட்டுத்தான வாங்குனீங்க? விக்கறப்ப ஆஃப் ரோடு, ரிப்பேர்னா ஆர்.டி.ஓ.வா?

இந்த மிளகு சீசன் பூராவும் போச்சுங்க. ஆள் தலைச்சுமையா எறக்கி, கூலி குடுத்து, மழையில நனைஞ்சு, வியாபாரி விலையக் கொறச்சு. ஆடி 18க்கு ஒறம்பரை எல்லாம் வந்தும் அரப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போக வண்டி இல்ல, ஊரே கேட்டுச்சு. போட்ட முட்டுவழி எல்லாம் மண்ணு. என் குடும்பத்தையே நடுத்தெருவுல நிறுத்திட்டீங்கன்னு சொன்னாலும் தப்பில்ல.

நான் சண்டைக்காரன் இல்லீங்க. கேக்கறது இவ்வளவுதான். இந்த பாக்ஸ நெசமாவே தன் கையால மாட்டிப் பாத்த ஒரு ஆளு இங்க வரணும், வண்டிக்கு அடியில படுத்துப் பாக்கணும், சீலு, லீவருக்கு அடியில கியரத் தள்ளற, நழுவற அந்த ஷிஃப்ட் ஃபோர்க், பிரீதர் எல்லாம் மாத்தித் தரணும், கியர்பாக்ஸுக்கு ஆன செலவக் குடுக்கணும். முடியாதுன்னா உங்க கிட்டத் திருப்பி எடுத்துக்கிட்டு முழுப் பணத்தையும் குடுங்க, லாரி வாடகை, ஷாஃப்ட் அறுத்து ஒட்டுன லேத் செலவு, அந்த வாட்டர் வாஷ் காசு உள்பட. வாட்டர் வாஷ் காச ஒரு ரூவா கூட விட மாட்டேன்.

நல்ல விதமா சொல்றப்பவே செஞ்சுருங்க சார், உங்க மேல இன்னும் மரியாதை இருக்குது. இல்லாட்டி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் பதிவு பண்ணிட்டு நேரா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், உங்க ஊருக்கு நான் அலைய வேண்டியதில்ல, நீங்கதான் நாமக்கல்லுக்கு வரணும். சாமான் விலை அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா பீஸும் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்ல, விசாரிச்சிட்டுத்தான் எழுதறேன். ராவாத பழைய பிளேட், டயல் கேஜ் வீடியோ, ஒரு பாட்டில்ல அந்தப் பித்தளைப் பொடி ஆயில், ஜாப் கார்டு, வாட்டர் வாஷ் பில் எல்லாம் பத்திரமா இருக்குது. பில்லோட போட்டோவ இதோட சேத்திருக்கேன்.

போன் பண்றதா இருந்தா சாயங்காலம் பண்ணுங்க, பகல்ல மலைல டவர் கெடைக்காது. அந்த அதட்டல்காரர மட்டும் பேசச் சொல்லாதீங்க, அவரு குரல் கேட்டா கட் பண்ணிருவேன்.

இப்படிக்கு,
உங்க கிட்ட மாட்டுன நாமக்கல் மாவட்ட வாடிக்கையாளர்