ஒட்டுப்பால் பந்து

ஆசிரியருக்கு வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் கீரிப்பாறை மலைப்பக்கம் பழைய எஸ்டேட் பங்களாக்கள் இடிந்து கிடப்பதைப் பற்றி உங்கள் நாளிதழில் படித்தேன். அதுபோன்ற ஒரு பங்களாவை ஓட்டலாக நடத்தியபோது, 1979 முதல் மூன்று வருடம் அங்கே ரூம்பாயாக இருந்தவன் நான்.

விடியற்காலை ஐந்து மணிக்கு விறகடுப்பில் வெந்நீர். அப்புறம் மாடிக்குப் பால் சேர்க்காத கட்டன்சாயா. நமக்குத்தான் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆக வருடத்தில் பாதி நாள் படியேறி வருபவர்களின் காலில் ரத்தம் உறிஞ்சும் அட்டை ஒட்டியிருக்கும். நான் உப்புப் பொட்டலத்தோடு வாசலில் நிற்பேன். மதுரையிலிருந்து வந்த ஒரு அம்மா அட்டையைப் பார்த்து அலறியதில், சமையல்கார அண்ணன் மீன்கறிச் சட்டியையே கீழே போட்டுவிட்டார். அன்று எல்லாருக்கும் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும்தான்.

சாயங்காலம் வேலை ஓய்ந்தால் விளையாட்டு. ரப்பர் மரத்துப் பட்டையில் வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை நாடாவாக உரித்து, காகித உருண்டைமேல் இழுத்து இழுத்துச் சுற்றினால் பந்து தயார். கடைப் பந்தெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது, அப்படித் துள்ளும். விருந்தினர் பிள்ளைகளும் எங்களோடு சேர்ந்துகொள்வார்கள். கிராம்பு காயப்போட்ட பாயில் பந்து விழுந்தால் மட்டும் மேனேஜர், “எலே, ஆருல அது?” என்று பிரம்போடு வருவார். கடைசி இரண்டு மாதச் சம்பளம் வரவே இல்லை, அது போகட்டும்.

போன மாதம் பேரனோடு போனேன். வெந்நீர் அடுப்புக் கல் மட்டும் கிடக்கிறது. அந்தப் பங்களாவின் பழைய படம் வாசகர் யாரிடமாவது இருந்தால் வெளியிடுங்கள்.

முன்னாள் ரூம்பாய்,
பூதப்பாண்டி.